இரண்டாவது டி.பி. வைக்கும் முன்

ஐப்பசியில் இரவெல்லாம் இடி இடித்து ஓய்ந்த மறுநாள் வகுப்பில் எப்படியும் ஒரு குழந்தை இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். "எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு டீச்சர். அது ட்ரிப்பே ஆகல. ஆனா டிவி போயிடுச்சு. எப்படி?" பத்தாம் வகுப்பில் வீட்டு மின்சுற்றை நடத்தும்போது ஃபியூஸ், எம்.சி.பி., புவி இணைப்பு என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் வராது.

பழனி மலைப் பகுதியில் இந்தக் கேள்விக்குச் சற்று கூடுதல் கனம் உண்டு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் மின்கம்பி தோட்டங்களையும் பள்ளங்களையும் தாண்டித் திறந்தவெளியில் நெடுந்தூரம் வருகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு ஒரு சுற்று இடி. புரட்டாசி, ஐப்பசியில் இன்னொரு சுற்று. இதற்கிடையில் வீடுகள் வளர்கின்றன. மாடியில் ஓர் அறை, பக்கத்தில் விருந்தினருக்கு இரண்டு அறை என்று கட்டும்போது பழைய டி.பி. பெட்டியில் இடம் போதாமல் அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது டி.பி. வைக்கிறார்கள். பள்ளிகளிலும் இதே கதைதான். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது, திறன்மிகு வகுப்பறை வந்தது. அவற்றுக்கென்று தனியாக ஒரு துணை டி.பி.யும் வந்தது.

அந்தத் துணை டி.பி.யில் மின் எழுச்சிக்கு எதிராக என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை. வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர், நாம் அல்ல. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், முடிந்த வேலையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நமக்கு நல்லது.

முதலில் அந்தக் குழந்தையின் கேள்விக்கு வருவோம். எம்.சி.பி. மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது வேலை செய்கிறது. அதன் இயங்குபகுதி நகர்ந்து தொடுமுனை பிரிய சில மில்லி விநாடிகளாவது வேண்டும். மின்னலால் கம்பியில் வரும் எழுச்சி சில மைக்ரோ விநாடிகளில் உச்சத்தைத் தொட்டு, சில பத்து மைக்ரோ விநாடிகளில் பாதியாகிவிடுகிறது. எம்.சி.பி. கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். அது மனித உயிரைக் காக்க வந்த கருவி. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும், ஆனால் டிவியை மின்னலிலிருந்து அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இடி நம் வீட்டின்மேல் விழ வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மின்னல் வீச்சில் பாயும் மின்னோட்டத்தின் உச்சம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது சில நூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் இறங்கினாலும், அதன் காந்தப்புலம் மாறும் வேகத்தில் அருகிலுள்ள கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது. "கொடைக்கானலில் அவ்வளவு உயரமான டிவி டவர் இருக்கே, இடி அதுலதானே விழும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். டவர் தன் உயரத்தை ஒட்டிய சிறு வட்டத்துக்குத்தான் நேரடி வீச்சிலிருந்து பாதுகாப்பு தரும். அதில் விழும் ஒவ்வொரு இடியும் சுற்றியுள்ள கம்பிகளை உலுக்கத்தான் செய்யும்.

ஏரியும் வெள்ளி அருவியும்

மின் எழுச்சித் தடுப்பானைக் கடைகளில் எஸ்.பி.டி. என்று கேட்டால் கொடுப்பார்கள். தடுப்பான் என்ற பெயர் கொஞ்சம் பொருந்தாது. அது எதையும் தடுப்பதில்லை, திருப்பிவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க கொடைக்கானல் ஏரியே போதும். 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. நிரம்பினால் உபரி நீர் மறுகால் வழியாக வெளியேறி, மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. மறுகால் இருப்பதால்தான் கரை நிற்கிறது. சாதாரண நாளில் மறுகாலில் சொட்டு நீர் இருக்காது; வெள்ளத்தின்போது மட்டும் திறக்கும்.

எஸ்.பி.டி.க்குள் இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் ஆன ஒரு வில்லை. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய மின்காப்பான். குறிப்பிட்ட அளவைத் தாண்டி வோல்ட் ஏறியவுடன் அதன் மின்தடை சட்டென்று சரிந்து, எழுச்சி மின்னோட்டம் முழுவதையும் எர்த் பக்கம் திருப்பிவிடும். வோல்ட் இறங்கியதும் மீண்டும் காப்பானாகிவிடும். ஓம் விதிக்கு உட்படாத பொருள்களுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் டையோடைத் தாண்டி இதையும் சொல்லலாம்.

ஏரி உவமையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மறுகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், அதற்குக் கீழே வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் பயனில்லை. நம் ஊர்களில் எஸ்.பி.டி. வாங்கி மாட்டியும் பொருள்கள் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

மெயினில் இருந்தால் போதாதா?

"மெயின் போர்டில் ஒன்று இருக்கிறதே, துணை டி.பி.க்கும் எதற்கு?" என்பது நியாயமான கேள்வி. காரணம் தூரம். எஸ்.பி.டி. தான் இருக்கும் இடத்தில்தான் வோல்ட்டைப் பிடித்து வைக்கிறது. அங்கிருந்து நீளும் கேபிளில் எழுச்சி அலை முனையில் மோதித் திரும்பும்போது, முனையில் இருக்கும் கருவியின் வோல்ட் இரு மடங்கு வரை போகலாம். அதனால்தான் எஸ்.பி.டி.யிலிருந்து கருவி 10 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் இன்னொன்று வேண்டும் என்று பன்னாட்டு நெறியான ஐ.இ.சி. 60364 சொல்கிறது. துணை டி.பி. என்றாலே பெரும்பாலும் 10 மீட்டரைத் தாண்டிவிடும். தவிர, மேல்மாடி மோட்டாரோ வெல்டிங் மெஷினோ உண்டாக்கும் எழுச்சி வீட்டுக்குள்ளேயே பிறப்பது. அது மெயினைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அமெரிக்காவின் தேசிய மின் நெறி 2020 பதிப்பில் ஒவ்வொரு வீட்டின் மின் நுழைவிலும் எஸ்.பி.டி.யைக் கட்டாயமாக்கியது. 2023 பதிப்பில் குடியிருப்புகளின் ஃபீடர் போய்ச் சேரும் பெட்டிக்கும், அதாவது நாம் பேசும் துணை டி.பி.க்கும், அதை நீட்டித்தது. நம் நாட்டில் வயரிங்குக்கான ஐ.எஸ். 732 : 2019, புவி இணைப்புக்கான ஐ.எஸ். 3043 : 2018, மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 62305 தொகுதி ஆகியவை இருக்கின்றன.

மலையில் ஒரு வீட்டுக்கு எஸ்.பி.டி. தேவையா என்று கண்டறிய ஐ.இ.சி. நெறியில் ஒரு கணக்கும் இருக்கிறது, பிள்ளைகளுக்கே கொடுக்கலாம். ஊர்ப்புறம் என்றால் 85 என்ற எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த மேல்நிலைக் கம்பியின் நீளத்தை (கிலோமீட்டரில், அதிகபட்சம் 1) இரண்டால் பெருக்கி, அதை அப்பகுதியில் ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு விழும் மின்னல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்த விடையால் 85ஐ வகுக்க வேண்டும். வருவது 1,000 அல்லது அதற்கு மேல் என்றால் எஸ்.பி.டி. இல்லாமல் இருக்கலாம். கம்பி 1 கிலோமீட்டர், மின்னல் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று என்று மிகக் குறைவாக வைத்தாலும் 85 ÷ 2 = 42.5 தான் வருகிறது. 1,000 எங்கே, 42.5 எங்கே! கம்பி வழியாக மின்சாரம் வரும் எந்த மலைவீட்டுக்கும் விடை இப்படித்தான் வரும்.

வகையைப் பற்றிச் சுருக்கமாக. கூரையில் இடிதாங்கி இருக்கும் கட்டடத்துக்கும், மேல்நிலைக் கம்பியிலேயே இடி விழ வாய்ப்புள்ள இடத்துக்கும் மெயின் போர்டில் வகை 1 அல்லது இரண்டும் சேர்ந்த வகை 1+2. துணை டி.பி.யில் வகை 2. கணினிக்கும் டிவிக்கும் பக்கத்தில் வைக்கும் பிளக் வடிவிலானது வகை 3. முந்தைய இரண்டும் இல்லாமல் இதை மட்டும் வாங்கி வைப்பது வீண். வகை 2இல் 20 கிலோ ஆம்பியர் பெயரளவு, 40 கிலோ ஆம்பியர் உச்சம் என்று போட்டிருப்பது சந்தையில் பரவலாகக் கிடைக்கிறது. வீட்டுக்கும் வகுப்பறைக்கும் அது தாராளம். பெட்டியின்மேல் தொடர் இயக்க வோல்ட் என்று ஓர் எண் இருக்கும். 275 என்பது வழக்கம். இரவில் வோல்ட் ஏறி இறங்கும் இடங்களில் 320 இருப்பதை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் எழுச்சி இல்லாத நாளிலும் வில்லை சூடாகித் தேயும்.

அந்த 50 சென்டிமீட்டர்

என் வீட்டில் மாடி அறைக்குத் துணை டி.பி. வைத்தபோது, பழைய பெட்டியிலிருந்து அது 18 மீட்டர் தள்ளி இருந்தது. எஸ்.பி.டி.யை மாட்டிய தம்பி நல்ல வேலைக்காரர். எர்த் வயரைப் பெட்டிக்குள் வளைத்து, சுருட்டி, டை போட்டுக் கச்சிதமாக வைத்திருந்தார். "வயர் ஏன் தம்பி இவ்வளவு நீளம்?" என்றேன். "அழகா இருக்கணும்ல டீச்சர். பின்னாடி மாத்தவும் உதவும்" என்றார். மற்ற வயர்களுக்கு அது சரி. எஸ்.பி.டி.க்கு மட்டும் அந்த அழகு ஆகாது. ஏன் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

நேரான வயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி தன்மின்தூண்டல் உண்டு. 10,000 ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில் ஏறுகிறது என்றால், மின்னோட்டம் மாறும் வீதம் மைக்ரோ விநாடிக்கு 1,250 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால், ஒரு மீட்டர் வயரில் மட்டும் 1,250 வோல்ட். எஸ்.பி.டி. தன் இரு முனைகளுக்கிடையே 1,500 வோல்ட்டில் பிடித்து வைப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபேஸிலிருந்து எஸ்.பி.டி.க்கு வரும் வயரும், அங்கிருந்து எர்த் பட்டைக்குப் போகும் வயரும் சேர்ந்து ஒரு மீட்டர் என்றால் கருவிக்குப் போவது 1,500 + 1,250 = 2,750 வோல்ட். வீட்டு உபயோகப் பொருள்கள் தாங்க வேண்டும் என்று நெறி வகுத்திருப்பது 2,500. எல்லை தாண்டிவிட்டது. அதே வயர் மொத்தம் 50 சென்டிமீட்டர் என்றால் 1,500 + 625 = 2,125. உள்ளே வந்துவிட்டது. இரு பக்க வயரும் சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. வயரைச் சுருட்டினால் தன்மின்தூண்டல் இன்னும் கூடும். தம்பி எர்த் பட்டையையே எஸ்.பி.டி.க்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து வயரைக் கத்தரித்தார். அந்த வயர் செம்பில் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வகை 1 என்றால் 16.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நடத்துபவர்கள் தன்மின்தூண்டலுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சமன்பாடு வீட்டுச் சுவருக்குள் இருப்பது பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பாறையில் எர்த்

பழனி மலை சார்னோகைட் பாறையால் ஆனது. பல இடங்களில் மேல்மண் சில அடிதான். சமவெளியில் 3 மீட்டர் குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றினால் நல்ல எர்த் கிடைத்துவிடும். இங்கே குழாய் பாறையில் முட்டி நிற்கும். ஆழமாகப் போக முடியாவிட்டால் அகலமாகப் போவதுதான் வழி. கட்டடத்தைச் சுற்றி அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பட்டையைப் படுக்கையாகப் புதைத்து வளையமாக மூடுவது பாறை நிலத்துக்கு ஏற்றது. மின்னல் பாதுகாப்புக்கு 10 ஓமுக்குள் இருப்பது நல்லது என்று நெறி சொல்கிறது.

ஆனால் ஓம் எண்ணை மட்டும் துரத்துவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 5 ஓம் என்பது மலையில் அருமையான எர்த். அதில் 10,000 ஆம்பியர் இறங்கினால் 10,000 × 5 = 50,000 வோல்ட். அந்த நொடியில் நம் எர்த் கம்பியே, தொலைவில் உள்ள மண்ணைப் பொறுத்து, 50,000 வோல்ட்டில் நிற்கும். அப்படியானால் கருவி எப்படித் தப்புகிறது? மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகம் தப்புவதைப் போல. வீட்டில் உள்ள எல்லா உலோகமும் எல்லா எர்த்தும் ஒன்றாக இணைந்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். இடையே வேறுபாடு இருக்காது.

இங்கேதான் பள்ளிகளில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைத் தொட வேண்டியிருக்கிறது. "கம்ப்யூட்டருக்குத் தனி எர்த் போட்டிருக்கோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். தனிக் குழி வெட்டுவதில் தவறில்லை. அதைப் பழைய எர்த்தோடு இணைக்காமல் விடுவதுதான் ஆபத்து. மின்னல் நேரத்தில் ஒரு குழி 50,000 வோல்ட்டுக்கு ஏறி, மற்றது ஏறாமல் நின்றால், அந்த வேறுபாடு முழுவதும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொருளின்மேல் விழும். பெரும்பாலும் அது வலைப்பின்னல் கேபிளால் இணைந்த இரண்டு கணினிகளாக இருக்கும். ஒரு கட்டடத்தின் எர்த்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைய வேண்டும். எர்த் மோசமாகக் கிடைக்கும் மலையில் இந்த இணைப்புக்கு ஓம் எண்ணைவிட மதிப்பு அதிகம், எஸ்.பி.டி. வாங்கும் காசு குறைவாக இருந்தால்கூட முதலில் இதைச் செய்யச் சொல்வேன்.

துணை டி.பி.க்கு வரும் கேபிளில் ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் வயரும் மெயினிலிருந்தே வர வேண்டும். துணை டி.பி.க்குள் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று இரண்டையும் இணைத்துவிடுகிறவர்களும், ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே உயிரோடு விளையாடுவது.

எஸ்.பி.டி.யின் இடம் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால். பின்னால் வைத்தால் எழுச்சி மின்னோட்டம் ஆர்.சி.சி.பி. வழியாகப் பாய்ந்து அதை ட்ரிப் செய்யும், சில சமயம் கெடுக்கும். மெயினில் ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. இருந்து அதற்குப் பிறகுதான் துணை டி.பி.க்கு இணைப்பு எடுக்க முடியும் என்றால், மெயினில் இருப்பது சற்றுத் தாமதித்து இயங்கும் எஸ் வகையாக இருக்க வேண்டும். நம் வீடுகளைப் போல நுகர்வோரே எர்த் போட்டுக்கொள்ளும் இடங்களில் "1+1" இணைப்பு எஸ்.பி.டி. ஏற்றது: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வில்லை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் தீப்பொறி இடைவெளி. மும்முனை என்றால் "3+1". கடையில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும். எஸ்.பி.டி.க்கு முன் அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் ஒரு எம்.சி.பி. அல்லது ஃபியூஸ் வேண்டும். வில்லை ஆயுள் முடிந்து ஷார்ட் ஆனால் அதைப் பிரித்துவிட.

கரண்ட் வரும் கதவை மட்டும் பூட்டினால் போதாது. இணையக் கேபிள், டிஷ் ஆன்டெனா, கூரையில் சூரிய மின்தகடு எல்லாமே கதவுகள்தான். கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே எர்த்தோடு இணைக்க வேண்டும். டிஷ்ஷின் இரும்புக் காலும் அப்படித்தான்.

எஸ்.பி.டி.யால் ஆகாததும் உண்டு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்துபோனால் 230க்குப் பதில் 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வந்து நிமிடக்கணக்கில் நிற்கும். மைக்ரோ விநாடிக்காகச் செய்த வில்லை அதில் எரிந்துபோகும். காற்றில் கம்பிகள் உரசும் மலையில் இது நடக்கக்கூடியதே. இதற்குத் தனியாக மிகை வோல்ட் துண்டிப்பான் வேண்டும். கூரையிலேயே இடி விழுந்தால் இடிதாங்கி இல்லாமல் எஸ்.பி.டி. மட்டும் நிற்காது. இடி மேகம் சூழும்போது பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பாட்டிமார் வழக்கம் இன்றைக்கும் நல்ல வழக்கம். இடி தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடப் போகக் கூடாது, முன்பே செய்ய வேண்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருப்பதை எச்சரிக்கும். ஆசிரியர்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை விளையாட்டுத் திடலிலிருந்து உள்ளே கூப்பிடவும் அது உதவும்.

பள்ளியில் இவற்றை நாமே கைவைத்துச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேட்கலாம்: துணை டி.பி.யில் வகை 2 எஸ்.பி.டி. இருக்கிறதா, அதன் வயர் நீளம் எவ்வளவு, ஆய்வக எர்த்தும் பள்ளி எர்த்தும் இணைந்துள்ளனவா, கடைசியாக எர்த் ஓம் அளந்த தேதி எது. எர்த் அளப்பதைக் கோடையின் கடைசியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எண் அழகாக வரும், உண்மை வராது.

எஸ்.பி.டி.யின் முகப்பில் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் வில்லை தேய்ந்துவிட்டது, அந்தப் பகுதியை மட்டும் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். சிவப்பாகிவிட்டாலும் விளக்கு எரியும், கணினி ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் பள்ளியில் டி.பி.யின் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் என்பதால் திறக்காமலே பார்க்க முடிகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று தள்ளி நின்று அந்த நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பெட்டியைத் தொடுவதில்லை. நிறத்துக்கு எதிரே, முந்தைய மாதம் எத்தனை நாள் இடி கேட்டது என்றும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை நான் சொல்லவில்லை.